மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு

உபைதுல்லா பாயைத் தெரியாதவர்கள் விருதுநகர் பஜாரில் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர்மேல் ஏதாவது ஒரு கோபம் இருக்கும். வீட்டில் லைட் எரியவில்லை என்று கூப்பிட்டால், எரிய வைத்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் இல்லை. ஏன் எரியவில்லை என்று பாடம் நடத்திவிட்டுத்தான் போவார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். எனக்கே நடத்துவார். ஒருநாள் எங்கள் வீட்டு சுவிட்சைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, மின்னழுத்தம் வேறு மின்னோட்டம் வேறு என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் விளக்கினார். அவர்மேல் எனக்கும் கோபம் உண்டு, பிரியம் அதைவிட அதிகம்.

அவருடைய அத்தா மிளகாய் வத்தல் வியாபாரி. அண்ணன்மார் இரண்டு பேரும் மண்டி வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் ஐடிஐயில் சேர்ந்து வயர்மேன் லைசென்ஸ் வாங்கினார். "கண்ணுக்கே தெரியாத சரக்கை எங்கன கொண்டு போய் விக்கப் போறே?" என்று மூத்த அண்ணன் கேலி செய்தாராம். அந்தக் கேலி பாய் மனதில் தைத்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டுகிற ஒரே பொருள் மீட்டர். அதனால் மீட்டர்மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. தோல் பையில் போட்டு மொபெட்டின் முன்னால் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போவார். ஷாக் அடிக்குது என்று யாராவது சொன்னால், ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார். மீட்டரைத்தான் பார்ப்பார்.

அவருக்கு முக்கியமான வேலை, பட்டாசு கம்பெனிகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த விஜயதசமிக் காலையில் அவர் ஏன் அப்படிப் பறந்தார் என்பது புரியாது.

மின்சாரம் என்றால் கம்பி வழியாக வருவது மட்டும்தான் என்று என் மாணவர்கள் பலரும் நினைக்கிறார்கள். ஓடுகிற மின்சாரம் ஒன்று. ஓடாமல் ஓரிடத்தில் தங்கிவிடுவது இன்னொன்று. இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருக்கும் எலக்ட்ரான்களில் கொஞ்சம் மற்றதற்குப் போய்விடும். போன இடத்தில் அவை கூடுதல், விட்ட இடத்தில் குறைச்சல். பாலியஸ்டர் துணி, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் கடத்தாப் பொருள்கள். அவற்றில் வந்து சேர்ந்த மின்னூட்டம் நகர வழி தெரியாமல் அங்கேயே நிற்கும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் இருப்பதால் மெல்லக் கசிந்துவிடும். காற்று காய்ந்து கிடந்தால் போகாது. உடம்பு அதைச் சுமந்துகொண்டே திரியும். பிறகு ஒரு உலோகத்தின் பக்கத்தில் விரலைக் கொண்டு போனால், நடுவில் இருக்கும் காற்றைத் தாண்டிக் குதிக்கும். சுருக்கென்று குத்தும், ஒரு பொறியும் பறக்கும். நம் வீட்டில் அது நடந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். மருந்து ரூமில் நடந்தால் சிரிக்க ஆள் மிஞ்சாது.

மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற கலவை. அதைக் கலக்கிற அறைதான் மருந்து ரூம். அதன் வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். தகட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட். போல்ட்டிலிருந்து தடித்த செம்புக் கம்பி இறங்கி, உப்பும் கரியும் போட்டு நிரப்பிய குழிக்குள் போகும். உள்ளே நுழைகிறவர் தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்னூட்டம் கை வழியாகத் தகடு, தகடு வழியாகக் கம்பி, கம்பி வழியாக மண் என்று இறங்கிவிடும். எவ்வளவு கொடுத்தாலும் பூமி வாங்கிக்கொள்ளும். பட்டாசு ஆலைப் பெண்கள் அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். எந்தப் பாடப் புத்தகமும் அவர்களுக்கு இந்த விளக்கத்தைச் சொல்லித் தரவில்லை. அது தங்களைக் காப்பாற்றுகிறது என்பது மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்று என்று ஞாபகம். மழை ஏமாற்றிய வருஷம். ஐப்பசி நெருங்கியும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் தீபாவளி சீசனின் கடைசி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் எர்த் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி பாயைக் கூப்பிட்டிருந்தார்கள்.

போர்மேன் ரத்தினசாமி வாசலிலேயே நின்றார். கண்டிப்பான மனிதர், கெட்டவர் இல்லை. கம்பெனியே ஜொலித்தது. சுவருக்கு வெள்ளை, கதவுக்குப் பச்சைப் பெயிண்ட், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மருந்து ரூம் வாசலில் களிம்பேறிக் கிடக்கும் செம்புத் தகடு அன்றைக்குத் தகதகவென்று இருந்தது.

"எப்படி இருக்கு பாய்? நாந்தான் புளி போட்டுத் தேச்சேன்" என்றார் கருப்பம்மாள்.

கருப்பம்மாள் அந்த மருந்து ரூமில் பல வருஷமாகக் கலவை போடுகிறவர். ஊரில் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை இல்லாத வருஷத்தில் நிலம் இருந்து என்ன பண்ண? கை எப்போதும் அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளி நிறத்தில் இருக்கும். அது ராசியான கை என்று கம்பெனியில் எல்லோருக்கும் நம்பிக்கை. ஒவ்வொரு விஜயதசமிக்கும் நல்ல நேரம் பார்த்து முதல் கலவையில் கை வைப்பது அவர்தான். அதன்பிறகுதான் மற்ற ரூம்களில் வேலை ஆரம்பிக்கும்.

"கண்ணாடி கணக்கா இருக்கு தாயி" என்று பாய் சொன்னார். மீட்டரை எடுத்தார். கிளிப்பைத் தகட்டுக்குப் பின்னால் இருந்த போல்ட்டில் மாட்டினார். கிளிப் கவ்வுவதற்கு அதுதான் வாகான இடம், எப்போதும் அங்கேதான் மாட்டுவார். முள் அருமையாக நின்றது. குழிக்கும் தகட்டுக்கும் நடுவில் தடையே இல்லை என்கிற அளவுக்குச் சுத்தம். "எர்த் தங்கம்" என்று ரத்தினசாமியிடம் சொல்லிவிட்டு, பொரிகடலையும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் காலையில் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது, அடுப்படியில் அவர் மனைவி ருக்சானா "அம்மாடி!" என்று கத்தினார். பால் எடுக்க பிரிட்ஜைத் திறந்தவர் கையை உதறிக்கொண்டு நின்றார்.

"மறுபடியும் அடிச்சிருச்சுங்க. ஒரு வாரமாச் சொல்றேன், காதுல விழுதா உங்களுக்கு?"

பாய்க்குக் கோபம் வந்தது. அந்த வாரத்தில் இரண்டு தடவை அந்த பிரிட்ஜை டெஸ்டர் வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. ஊருக்கெல்லாம் எர்த் பார்க்கிறவர் வீட்டு பிரிட்ஜில் ஷாக் அடிக்கிறது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து பிரிட்ஜின் பக்கவாட்டில் வைத்தார். லைட் எரியவில்லை. கதவில் வைத்தார். எரியவில்லை.

"பாத்தியா? கரண்டே இல்ல. உனக்குப் பிரமை."

"அங்கன வச்சா எப்படி எரியும்? அங்கனயா நான் தொடுறேன்? இந்தா, கைப்பிடித் திருகு. இதுல வச்சுப் பாருங்க."

வேண்டா வெறுப்பாகத் திருகில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது.

பிரிட்ஜின் உடம்பு முழுக்க இரும்புத் தகடு. ஆனால் அதன்மேல் பெயிண்ட். பெயிண்ட் கடத்தாப் பொருள். இரும்பில் கசிந்து வந்திருந்த மின்சாரத்துக்கும் டெஸ்டர் முனைக்கும் நடுவில் பெயிண்ட் ஒரு சுவராக நின்றிருந்தது. திருகில் பெயிண்ட் இல்லை. அவ்வளவுதான் சங்கதி. பிளக்கைப் பிடுங்கித் திறந்து பார்த்தார். எர்த் கம்பி அறுந்து தொங்கியது. வயர்மேன் வீட்டுப் பிளக்கில் எர்த் இல்லை! ருக்சானா இன்னும் ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லிக் காட்டுவார் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வார்னிஷ் வாசம்.

நேற்று அந்த மருந்து ரூம் வாசலில் குனிந்து கிளிப்பை மாட்டும்போது வார்னிஷ் வாசம் அடித்தது. கதவுக்கு அடித்திருப்பார்கள் என்று நினைத்தார். கதவில் இருந்ததோ பச்சைப் பெயிண்ட். பெயிண்ட் வாசமும் வார்னிஷ் வாசமும் ஒன்றா? புளி போட்டுத் தேய்த்த செம்பு ஒரு பகல் தாங்குவதே பெரிது, அதற்குள் கறுக்க ஆரம்பிக்கும். அந்தத் தகடு மட்டும் எப்படி அப்படி மின்னியது?

பளபளப்பு போகக் கூடாது என்று மேலே வார்னிஷ் பூசிவிட்டார்கள். அவர் மீட்டரை மாட்டியது பின்பக்கத்துப் போல்ட்டில். பெண்கள் கை வைப்பது முன்பக்கத்து வார்னிஷில். மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட இடத்துக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. அவர் கேட்ட இடம்தான் தப்பு.

ஏழரை மணிக்கு முதல் கலவை. பாய் போனை எடுத்துக் கம்பெனி நம்பரைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் பூஜையில் நிற்பார்கள், ஆபீஸில் யார் இருப்பார்கள்? ரத்தினசாமியிடம் செல்போன் உண்டு. அதைக் கேட்டிலேயே வாங்கி அணைத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்தச் சட்டத்தை வற்புறுத்திக் கொண்டுவந்தவரே பாய்தான்.

"என்னங்க ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அந்த கருப்பம்மாள் தொட்டுட்டுப் போற தகடு வேலை செய்யல ருக்சானா. நான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ருக்சானா வாயைப் பொத்திக்கொண்டார். "நிக்காதீக, போங்க" என்று மட்டும் சொன்னார்.

கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார். மீட்டர் பையை எடுக்கவில்லை. சட்டைப் பையில் டெஸ்டர் மட்டும் கிடந்தது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டியதும் ரோடு நீண்டு கிடந்தது. அந்த மொபெட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது ஓடுகிற ஓட்டம்தான் ஓடும். பஸ்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கலாமோ என்று யோசித்தார். இறங்கி மாற வேண்டுமே என்று மறுபடி முறுக்கினார். தெற்கே வானத்தில் புகை தெரிகிறதா என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு செங்கல் சூளைப் புகையைப் பார்த்து அவருக்கு மூச்சே நின்றுவிட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

சாத்தூரைத் தாண்டியதும் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போகிறது, முடிகிற பாடாக இல்லை. பொறுக்க முடியாமல் மொபெட்டை விட்டு இறங்கினார். இறங்கின வேகத்தில் கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்தார்.

சுருக்.

விரல் நுனியில் குத்தியது. கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் குனிந்து தன்னையே பார்த்தார். அவசரத்தில் மாட்டியது பாலியஸ்டர் சட்டை. காலில் ரப்பர் அடி போட்ட ஷூ. உட்கார்ந்து வந்தது ரெக்ஸின் சீட். இவ்வளவு தூரமும் காய்ந்த காற்றில் சட்டையும் சீட்டும் உரசிக்கொண்டே வந்திருக்கின்றன. ஷூவின் ரப்பர் எதையும் மண்ணில் இறங்க விடவில்லை.

வழியெல்லாம் அவர் மனதில் ஒரே ஒரு படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மருந்து ரூமுக்குள் நுழைந்து, கருப்பம்மாளின் கையைப் பிடித்து வெளியே இழுப்பது. அப்படிப் போயிருந்தால் அந்தப் பொறியை உள்ளே கொண்டு போகிறவர் அவராகத்தான் இருந்திருப்பார். கூட்ஸ் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன் அதோடு திட்டுவதை நிறுத்தினார்.

கம்பெனி கேட்டில் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. வாட்ச்மேன் சங்கிலிமுத்து சிரித்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க பாய், விஜயதசமியும் அதுவுமா..."

"மருந்துல கை வச்சாச்சா?"

"இப்பத்தான் உள்ள போனாக. மணி ஏழரை ஆகுதுல்ல."

பாய் ஷூவைக் கழற்றி எறிந்தார். வெறுங்காலோடு மண்ணில் நடந்தார். ஓடவில்லை. ஓட வேண்டும் போல் கால் துடித்தது. இருந்தும் சட்டை உடம்பில் உரசக் கூடாது என்று கையை அகற்றி வைத்துக்கொண்டு நடந்தார். பார்த்தவர்களுக்கு அவர் குடித்துவிட்டு வருகிற மாதிரி இருந்திருக்கும்.

மருந்து ரூமுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளிப் பெண்கள் கும்பலாக நின்றார்கள். ரத்தினசாமி கையில் அணைந்த சூடத் தட்டு. திறந்த கதவு வழியாக உள்ளே கருப்பம்மாள் தெரிந்தார். ரப்பர் விரிப்பில் மண்டி போட்டிருந்தார். முன்னால் விரித்த காகிதத்தில் மருந்து. வலது கை அந்தச் சாம்பல் நிறப் பவுடருக்குள் அளைந்துகொண்டிருந்தது. உடம்பில் புதுச் சேலை. கம்பெனியில் பூஜைக்குக் கொடுத்தது, பளபளவென்று சின்தெடிக். மருந்து ரூமுக்குப் பருத்திச் சேலைதான் என்பது சட்டம். நல்ல நாளில், நல்ல நேரத்தில், முதல் கை வைக்கிறவர் பழைய சேலையிலா போவார்? தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே போகிறோம் என்கிற தைரியம் எல்லோருக்கும்.

கருப்பம்மாளின் இடது பக்கத்தில், விரிப்புக்கு வெளியே சிமெண்டுத் தரையில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. மருந்து அள்ளுகிற கிண்ணம். பித்தளை கல்லில் பட்டாலும் பொறி பறக்காது என்பதற்காக வைப்பது. உடம்பிலிருந்து குதிக்கிற மின்னூட்டத்துக்கோ இரும்பும் பித்தளையும் ஒன்றுதான், இரண்டும் கடத்தி. கருப்பம்மாளின் இடது கை அந்தக் கிண்ணத்தை நோக்கி நீண்டது.

கத்தினால் திடுக்கிட்டுக் கையை எங்காவது வைத்துவிடுவார். பாய் குரலைத் தாழ்த்தினார். வீட்டில் சொம்பை எடுக்காதே என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

"தாயி, கிண்ணத்தைத் தொடாதீக. கையை அப்படியே மடியில வைங்க."

கருப்பம்மாளின் கை நின்றது. திரும்பிப் பார்க்கப் போனவரை, "திரும்ப வேண்டாம். அசையாம இருங்க" என்றார் பாய். அவர் சொன்னபடியே இருந்தார்.

"என்ன பாய் இது?" ரத்தினசாமி பாய்ந்து வந்தார். "நல்ல நேரத்துல வந்து அபசகுனமா..."

"என் பக்கத்துல வராதீக. என்னையத் தொடாதீக. தகடு வேலை செய்யல."

"நேத்து நீங்கதானே எர்த் தங்கம்னு சொன்னீக?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். ஒரு சாக்கை நனைச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வெரசா."

"தண்ணியா?" ரத்தினசாமி அதிர்ந்துவிட்டார். "உள்ள அம்புட்டும் அலுமினியப் பவுடர். தண்ணி பட்டா சூடேறிப் பத்திக்கிரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது சரி. பாய்க்கும் அது தெரியும். "ரூம் பக்கமே வேண்டாம். படிக்குக் கீழ, அந்த மண்ணுல போடுங்க. உள்ள ஒரு சொட்டும் போகக் கூடாது" என்றார்.

ஈரச் சாக்கு வந்தது. சொட்டாமல் பிழிந்து, படிக்கு எட்டத்தில் மண்மேல் விரித்தார்கள். பாய் கருப்பம்மாளைக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கவிட்டார். உடம்பில் இருப்பது காற்றில் எவ்வளவு கசியுமோ அவ்வளவாவது கசியட்டும் என்று பார்த்தார். எங்கோ ஒரு காக்கை கத்தியது. நிற்கிற இடத்திலிருந்து ஓடலாமா வேண்டாமா என்பது எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. ஒருத்தியும் ஓடவில்லை.

"இப்ப மெதுவா எந்திரிங்க தாயி. சேலையை உதறாதீக. கதவையும் தொட வேண்டாம், தகட்டையும் தொட வேண்டாம். நேரா வந்து இந்தச் சாக்குல கால் வைங்க."

கருப்பம்மாள் எழுந்தார். முந்தானை சரிந்து பித்தளைக் கிண்ணத்துக்கு மேலே ஆடியது. பாய் அல்லாவை நினைத்துக்கொண்டார். மருந்து அப்பிய வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, கருப்பம்மாள் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். வாசலில் கை தானாகவே தகட்டுப் பக்கம் போனது. எத்தனை வருஷப் பழக்கம்! பாதியில் ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். படி இறங்கினார். ஈரச் சாக்கில் கால் வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. சத்தமில்லை, பொறியில்லை. ஈரத்தின் வழியாக எல்லாம் மண்ணில் இறங்கிவிட்டது. அது கண்ணுக்குத் தெரிகிற காட்சியா? ரத்தினசாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒண்ணுமே ஆகலையே பாய்! நேரமும் போச்சு. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பாய் வாதாடவில்லை. பாடம் நடத்தாமல் போகாத ஆள் வாதாடாமல் விட்டது ஊரே வியக்க வேண்டிய விஷயம். "கடைசி செட்டுக்கு வாங்க, காட்டுறேன்" என்றார். மருந்துக் கலவை புழங்காத பேக்கிங் கொட்டகை அது, தூரத்தில் தனியாக நிற்பது; அன்றைக்குச் சரக்கு எதுவும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. அதன் வாசலிலும் அதே மாதிரி ஒரு தகடு, அதே பளபளப்பு. பாய் ஷூவைக் கேட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டார். அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாலியஸ்டர் சட்டை முதுகை நாற்காலியில் போட்டு அழுத்தித் தேய்த்தார். எழுந்து, டெஸ்டரின் தலையில் விரலை வைத்து முனையைத் தகட்டில் தொட்டார். எரியவில்லை.

"பாத்தீகளா? என் உடம்புல இருக்கிறது தகட்டுக்குள்ள போகல."

பிறகு ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தகட்டின் மூலையைச் சுரண்டினார். மெல்லிய தோல் போல வார்னிஷ் உரிந்தது. உள்ளே செம்பு. மறுபடி நாற்காலியில் தேய்த்துக்கொண்டு எழுந்து, சுரண்டிய இடத்தில் டெஸ்டரை வைத்தார். நிழலுக்குள் அந்தக் குட்டி பல்பு பளிச்சென்று ஒருமுறை மின்னி அணைந்தது.

ரத்தினசாமி அந்த டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்னால் அணைந்த சூடத் தட்டோடு மருந்து ரூம் வாசல்வரை போய், அதே மாதிரித் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் அவர்.

கருப்பம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் தேச்சதாலயா பாய்? புளி போட்டா சாயங்காலமே கறுத்துப்போகுதுன்னு, பூஜை முடியிற வரைக்கும் பளபளப்பா நிக்கட்டுமேன்னு, பீரோவுக்கு அடிச்ச வார்னிஷ் மிச்சத்தை நாந்தான் எல்லாத் தகட்டுக்கும் பூசினேன். நம்மளக் காப்பாத்துற சாமியில்ல அது..." மண்ணில் உட்கார்ந்து அழுதார். சாமியைக் குளிப்பாட்டிப் பட்டு கட்டுகிற மாதிரிதான் அந்த அம்மா அதைச் செய்திருக்கிறார். கோபப்படுவதற்கு யார்மேல் கோபப்படுவது?

"நீங்க பூசினீக. நல்லா இருக்குன்னு சொன்னது நான்" என்றார் பாய். "அழுதது போதும் தாயி. கிண்ணத்துக்கும் கைக்கும் எம்புட்டுத் தூரம் இருந்துச்சு?"

கருப்பம்மாள் கண்ணைத் துடைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகற்றிக் காட்டினார். அந்த இடைவெளியைப் பார்த்ததும் ரத்தினசாமி திரும்பிக்கொண்டார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு பாயின் கையிலிருந்த செங்கல்லை வாங்கி, உட்கார்ந்து, அந்தத் தகட்டை அவரே தேய்க்க ஆரம்பித்தார்.

மருந்து ரூம் தகட்டை அங்கே வைத்துச் சுரண்டவில்லை. உள்ளே இருந்த மருந்தை முறைப்படி அகற்றி, இடத்தைச் சுத்தம் செய்த பிறகு, கழற்றி வெளியே கொண்டுவந்து தேய்த்தார்கள். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் வேலை நடக்கவில்லை. மறுநாள் எந்த நேரமும் பார்க்காமல், பழைய பருத்திச் சேலையில் கருப்பம்மாள் முதல் கை வைத்தாராம்.

இதை நான் பத்தாம் வகுப்பில் சொல்லாத வருஷம் இல்லை. கடத்தி, கடத்தாப் பொருள், மின்னூட்டம், புவித்தொடுப்பு என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற பிள்ளைகள், செங்கல்லால் சுரண்டிய அந்த மூலையை மறப்பதில்லை. பாய் அதன்பிறகு எந்தக் கம்பெனியிலும் பின்பக்கத்துப் போல்ட்டில் கிளிப்பை மாட்டி நான் பார்த்ததில்லை. பெண்கள் கை வைக்கிற இடத்தில்தான் மீட்டரையும் வைப்பார்.

ஆனால் எனக்குப் பிடித்தது அன்றைக்கு அவர் வீடு திரும்பிய பிறகு நடந்தது. ருக்சானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானம் வந்தாராம். பச்சைத் தண்ணீர்கூடக் கேட்கவில்லையாம். நேராகப் போய் பிரிட்ஜ் பிளக்கில் அறுந்த எர்த் கம்பியை மாட்டினாராம். டெஸ்டரை எடுத்துத் திருகில் வைத்துப் பார்த்தாராம். எரியவில்லை. அதோடு விடாமல், ருக்சானாவை அங்கேயே நிற்க வைத்து, தன் வெறுங்கையாலும் திருகைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

"வேற எங்கெங்க அடிக்குது ருக்சானா? எல்லாத்தையும் சொல்லு."

ருக்சானா அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், வாஷிங் மெஷினிலிருந்து காட்ட ஆரம்பித்தாராம்.